இங்கிலீஷ்ல பிசினஸ் அனவுன்ஸ்மென்ட் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆபீஸ் இடம் மாறுது, விலை ஏறுது, புது மேனேஜர் வந்திருக்காங்க, எதுவா இருந்தாலும் கஸ்டமர்ஸுக்கு இங்கிலீஷ்ல ஒரு மெயில் போடுங்கன்னு சொன்னா போதும், நல்லா எழுதத் தெரிஞ்சவங்ககூட திடீர்னு கோர்ட் நோட்டீஸ் பாஷைக்குப் போயிடுறாங்க. "இட் இஸ் ஹியர்பை இன்ஃபார்ம்டு டு ஆல் அவர் எஸ்டீம்டு கஸ்டமர்ஸ்"னு தொடங்குனா, யாரு சொல்றாங்கன்னும் தெரியல, என்ன விஷயம்னும் தெரியல, அதுக்குள்ள ஒரு வரியே முடிஞ்சு போச்சு. "வி ஆர் மூவிங் டு எ நியூ ஆபீஸ் ஆன் 3 மார்ச்"னு நேரா சொல்லுங்க, மரியாதை ஒண்ணும் குறைஞ்சிடாது.

அந்த "ஹியர்பை இன்ஃபார்ம்டு" வரியில கிராமர் தப்பும் இருக்கு. இன்ஃபார்ம்-க்கு அப்புறம் நேரா ஆள் வரணும், நடுவுல "டு" வராது, "இன்ஃபார்ம் யூ"தான் சரி. அனவுன்ஸ் அப்படியே தலைகீழ், அதுக்குப் பின்னாடி விஷயம்தான் வரணும், அதனால "ப்ளீஸ்டு டு அனவுன்ஸ் யூ" தப்பு. "டிஸ்கஸ் அபவுட்", "ரிவர்ட் பேக்" ரெண்டையும் விட்டுடுங்க. ரிவர்ட்னா பதில் போடுறதுன்னு நாம நினைக்கிறோம், ஆனா அமெரிக்காவுல படிக்கிறவருக்கு அது பழைய நிலைக்குத் திரும்புறது, மீட்டிங்கை முன்னாடி தள்ளி வைக்கிறதை "ப்ரிபோன்"னு போட்டா அவருக்கு சுத்தமா புரியாம போகவும் வாய்ப்பிருக்கு.

தேதியை 05/06னு மட்டும் எழுதவே எழுதாதீங்க, பிரிட்டன்ல அது ஜூன் 5, அமெரிக்காவுல மே 6. மாசத்தோட பேரை எழுத்துல போட்டா பிரச்சினையே இல்ல. ஆன்லைன் மீட்டிங்னா டைம் ஸோனும் சேர்த்துப் போடுங்க.

எனக்கு ரொம்ப உறுத்துறது கெட்ட செய்தியை நல்ல செய்தி மாதிரி சொல்றதுதான். விலையை ஏத்திட்டு "வி ஆர் எக்ஸைட்டட் டு அனவுன்ஸ் அவர் நியூ ப்ரைசிங்"னு ஆரம்பிச்சு, எவ்வளவுன்னு மூணாவது பாராவுல ஒளிச்சு வெச்சா, அதைத் தேடிக் கண்டுபிடிக்கிற கஸ்டமருக்கு விலையை விட அந்த ஒளிச்ச விதம்தான் கோபத்தைக் கிளப்பும், அடுத்த தடவை நீங்க நிஜமாவே நல்ல செய்தி சொன்னாலும் சந்தேகத்தோடதான் படிப்பார். "அவர் ப்ரைசஸ் வில் கோ அப் பை 8% ஆன் 1 ஜூலை. இஃப் யூ ரினியூ பிஃபோர் தென், யூ வில் பே த கரன்ட் ப்ரைஸ்." ரெண்டே வரி, எவ்வளவு, எப்போலேர்ந்து, அவர் என்ன பண்ணலாம், மூணும் வந்துடுச்சு. கீழே காரணத்தையும் சொல்லுங்க, "டியூ டு அன்அவாய்டபிள் சர்க்கம்ஸ்டன்சஸ்"னு மூடி மறைக்காதீங்க. "எனி இன்கன்வீனியன்ஸ் காஸ்டு இஸ் டீப்லி ரிக்ரெட்டட்" இலக்கணப்படி சரிதான், ஆனா வருத்தப்படுறது யாருன்னே அதுல இல்லையே. "வி ஆர் சாரி ஃபார் த டிஸ்ரப்ஷன்"னு ஒரு மனுஷன் சொல்ற மாதிரி சொல்லலாம்.

"கைண்ட்லி டூ த நீட்ஃபுல்"னு முடிக்கிறதும் அப்படித்தான், படிக்கிறவர் எதைப் பண்ணணும்? "ப்ளீஸ் அப்டேட் அவர் அட்ரஸ் இன் யுவர் ரெக்கார்ட்ஸ் பை 28 ஃபிப்ரவரி"ன்னா வேலை நடக்கும்.

சப்ஜெக்ட் லைனைக் கடைசியா எழுதுங்க, மெயிலை முடிச்சப்புறம்தான் முக்கியமான விஷயம் எதுன்னு நமக்கே தெளிவாகும். "இம்பார்ட்டன்ட் அனவுன்ஸ்மென்ட்"டுக்குப் பதிலா "வி ஆர் மூவிங் ஆன் 3 மார்ச்"னு போட்டா, மெயிலைத் திறக்காதவருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துடும்.