ரெக்கவரி பார்ட்டிஷன் குறுக்கே நிற்கும்போது சி டிரைவை நீட்டுவது எப்படி?

256 ஜிபி எஸ்எஸ்டியில் இருந்த விண்டோஸை அப்படியே 1 டிபி எஸ்எஸ்டிக்கு குளோன் செய்தேன். கணினி ஒழுங்காக பூட் ஆனது. ஆனால் சி டிரைவ் மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் வலது ஓரத்தில் ஏறக்குறைய 690 ஜிபி 'அன்அலொக்கேட்டட்' என்று கறுப்புப் பட்டையாகக் கிடக்கிறது. சி டிரைவில் ரைட் கிளிக் செய்தால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கிப்போய் இருக்கிறது, அழுத்த முடியவில்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன ரெக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸ் கெட்டுப்போனால் மீட்க உதவும் தனிப் பகுதி) நின்றதுதான் காரணம். தனக்கு ஒட்டினாற்போல் வலப்பக்கம் இருக்கும் காலி இடத்தைத்தான் விண்டோஸ் சேர்த்துக்கொள்ளும், நடுவில் இருப்பதைத் தாண்டிப் போகாது. அந்த ரெக்கவரி பார்ட்டிஷனில் ரைட் கிளிக் செய்தாலோ 'ஹெல்ப்' என்ற ஒரே வரிதான் வரும்.

அன்று ஒரு இலவச பார்ட்டிஷன் மென்பொருளில் இரண்டே கிளிக்கில் அதை அழித்துவிட்டு சி டிரைவை நீட்டிக்கொண்டேன். சில மாதம் கழித்து ஒரு டிஸ்ப்ளே டிரைவர் கெட்டுப்போய் திரை கறுப்பாகவே நின்றது. அந்த நேரத்தில் வரவேண்டிய நீல நிற மீட்புத் திரை வரவே இல்லை. நான் அழித்தது அதைத்தான். நீங்கள் அந்த நிலைக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் ஒவ்வொரு படியையும் விரிவாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

முக்கியமான கோப்புகளை வெளி டிரைவில் பேக்கப் எடுங்கள். டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்க்ரிப்ஷனோ இயங்கினால், 48 இலக்க ரெக்கவரி கீயை வேறொரு இடத்தில் எழுதி வைத்துக்கொண்டு, வேலை முடியும்வரை அந்தப் பூட்டை சஸ்பெண்ட் செய்யுங்கள். கீழே வரும் கட்டளைகளை உச்சரிப்பாகத் தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். 'ரீஏஜென்ட்சி' என்பது ரீஏஜென்ட் என்ற சொல்லும் அதன் கடைசியில் ஒட்டிய சி எழுத்தும். நடுவே இடைவெளி கிடையாது.

படி 1: எது எது என்று அடையாளம் காணுங்கள்

கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதைக் கொடுங்கள்:

ரீஏஜென்ட்சி /இன்ஃபோ

முதல் வரியில் 'எனேபிள்டு' என்று வரவேண்டும். அடுத்த வரியில் ஒரு நீண்ட முகவரி இருக்கும். அதற்குள் 'ஹார்ட்டிஸ்க்0', 'பார்ட்டிஷன்4' என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். விண்டோஸ் இப்போது பயன்படுத்தும் மீட்புப் பகுதி அதுதான். குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு 'டிஸ்க்பார்ட்' (டிஸ்க் பகுதிகளைக் கையாளும் விண்டோஸ் கட்டளைக் கருவி) என்று தட்டி உள்ளே போய், லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் 0, லிஸ்ட் பார்ட்டிஷன் என்று வரிசையாகக் கொடுங்கள். உங்கள் டிஸ்க் எண் வேறாக இருந்தால் 0 வரும் இடத்தில் அதைப் போடுங்கள். லிஸ்ட் டிஸ்க் பட்டியலில் 'ஜிபிடி' (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் ஒரு முறை) என்ற பத்தியில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்பதையும் பார்த்து வையுங்கள்.

பட்டியலில் 'சிஸ்டம்' என்று இருப்பது பூட் பகுதி, பெரும்பாலும் 100 எம்பி. அதைத் தொட்டால் விண்டோஸ் பூட் ஆகாது. 'ரிசர்வ்டு' என்று 16 எம்பியில் இருப்பது டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் கண்ணுக்கே தெரியாது, அதையும் விட்டுவிடுங்கள். 'ரெக்கவரி' என்று இரண்டு மூன்று வரிகள் இருந்தால் பதற வேண்டாம். விண்டோஸ் பெரிய பதிப்புக்கு மேம்படும்போது பழைய ரெக்கவரி பகுதியில் இடம் போதாவிட்டால் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும், பழையது அப்படியே தங்கிவிடும். அவற்றில் ஒன்று 10 ஜிபிக்கு மேல் இருந்தால், கணினி தயாரிப்பாளர் வைத்த ஃபேக்டரி இமேஜாக இருக்க வாய்ப்பு அதிகம். யுஎஸ்பியில் ரெக்கவரி டிரைவ் உருவாக்காமல் அதன்மேல் கை வைக்காதீர்கள்.

படி 2: அழிக்கும் முன் மீட்புக் கோப்பை வெளியே எடுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான்.

ரெக்கவரி பார்ட்டிஷனுக்குள் இருக்கும் உயிரான பொருள் ஒன்றே ஒன்று: வின்ஆர்இ டாட் விம் என்ற கோப்பு. மீட்புத் திரை முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. பார்ட்டிஷன் போனால் அதுவும் போய்விடும். ஆகவே டிஸ்க்பார்ட்டிலிருந்து 'எக்ஸிட்' கொடுத்து வெளியே வந்து, முதலில் இதைச் செய்யுங்கள்:

ரீஏஜென்ட்சி /டிஸேபிள்

பெயரைப் பார்த்து பயப்பட வேண்டாம். மீட்பு வசதியைத் தற்காலிகமாக நிறுத்தி, அந்தக் கோப்பை சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ரெக்கவரி என்ற ஃபோல்டருக்கு விண்டோஸ் கொண்டுவந்து வைக்கும். 'ஆபரேஷன் சக்சஸ்ஃபுல்' என்று வந்ததும் பலர் அடுத்த படிக்குப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். கோப்பு வந்து சேர்ந்ததா என்று கண்ணால் பாருங்கள்.

அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. அந்த ஃபோல்டருக்குப் போய் வெறும் 'டிர்' என்று தட்டினால் கோப்பு தெரியாது. அது மறைக்கப்பட்ட சிஸ்டம் கோப்பு. 'டிர் /ஏ' என்று தட்டினால்தான் வின்ஆர்இ டாட் விம் என்ற பெயரும் சில நூறு எம்பி அளவும் தெரியும். தெரிந்தால் மேலே போகலாம். தெரியவில்லை என்றால் எதையும் அழிக்காதீர்கள். 'ஏற்கெனவே டிஸேபிள் ஆகியிருக்கிறது' என்று செய்தி வந்தாலும் இந்தச் சோதனையைச் செய்தே ஆகவேண்டும்.

படி 3: பழையதை அழிப்பது

மறுபடி டிஸ்க்பார்ட். செலக்ட் டிஸ்க் 0, பிறகு செலக்ட் பார்ட்டிஷன் 4. இங்கே 4 என்பது என் எண், நீங்கள் குறித்து வைத்த எண்ணைப் போடுங்கள். அடுத்து:

டீடெயில் பார்ட்டிஷன்

திரையில் 'டைப்' என்ற இடத்தில் கோடுகளால் பிரிந்த ஒரு நீண்ட குறியீடும், 'ஆட்ரிப்' என்ற இடத்தில் பூஜ்யம், எக்ஸ் எழுத்துக்குப் பின் 8-இல் தொடங்கி 1-இல் முடியும் ஓர் எண்ணும் வரும். இரண்டையும் நோட்பேடில் காப்பி செய்து சேமியுங்கள். கையால் தட்டினால் ஓர் எழுத்து தவறினாலும் விண்டோஸ் அதை ரெக்கவரி பகுதியாக ஏற்காது. பழைய பார்ட்டிஷனிலிருந்தே நகல் எடுப்பதுதான் எனக்குத் தெரிந்தவரை பாதுகாப்பான வழி.

டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு

'ஓவர்ரைடு' இல்லாவிட்டால், இது பாதுகாக்கப்பட்ட பார்ட்டிஷன் என்று சொல்லி மறுத்துவிடும்.

இந்த வேலைக்கு டிஸ்க்பார்ட்டையே நான் விரும்புகிறேன். இலவச பார்ட்டிஷன் மென்பொருள்கள் பார்க்க எளிது, ஆனால் நான் பயன்படுத்தியது எதை அழிக்கிறேன் என்று ஒருமுறைகூட எச்சரிக்கவில்லை. டிஸ்க்பார்ட் ஒவ்வொரு வரிக்கும் உங்களை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. அழிக்காமல் பார்ட்டிஷனை இடம் மாற்றத்தான் வேண்டும் என்றால் ஜிபார்ட்டட் நல்ல கருவி. டிஸ்க்பார்ட்டால் அது முடியாது.

படி 4: சி டிரைவை நீட்டி, புதியதை உருவாக்குவது

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இப்போது 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' உயிர் பெற்றிருக்கும். அது காட்டும் எம்பி எண்ணிலிருந்து 1024-ஐக் கழித்துப் போடுங்கள். மிஞ்சும் அந்த 1 ஜிபிதான் புதிய ரெக்கவரி பகுதி. கஞ்சத்தனம் வேண்டாம், இந்தக் கோப்பு ஒவ்வொரு பதிப்பிலும் பெருத்துக்கொண்டே வருகிறது.

டிஸ்க்பார்ட்டில் அதே டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து:

க்ரியேட் பார்ட்டிஷன் ப்ரைமரி ஐடி=நோட்பேடில் உள்ள நீண்ட குறியீடு
ஜிபிடி ஆட்ரிப்யூட்ஸ்=நோட்பேடில் உள்ள எண்
ஃபார்மட் க்விக் எஃப்எஸ்=என்டிஎஃப்எஸ்

எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யத்தையும் எக்ஸ் எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். அந்த எண்தான் இந்தப் பகுதிக்கு டிரைவ் எழுத்து கொடுக்காமல் மறைத்து வைக்கிறது. எக்ஸிட் கொடுத்து வெளியே வந்து:

ரீஏஜென்ட்சி /எனேபிள்

பிறகு மறுபடியும் /இன்ஃபோ. 'எனேபிள்டு' என்று இருப்பதோடு, பார்ட்டிஷன் எண் புதியதைக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். அதோடு நிறுத்தாமல் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் 'ட்ரபிள்ஷூட்' வந்து, அதற்குள் போக முடிந்தால்தான் வேலை முடிந்தது.

ஏற்கெனவே அழித்துவிட்டவர்களுக்கு

/எனேபிள் கொடுத்தால் 'இமேஜ் கிடைக்கவில்லை' என்று வரும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து உங்கள் பதிப்புக்கே உரிய விண்டோஸ் ஐஎஸ்ஓவை (நிறுவல் கோப்புகள் அடங்கிய ஒரே கோப்பு) இறக்குங்கள். அதில் 'சோர்சஸ்' ஃபோல்டரில் இருக்கும் இன்ஸ்டால் டாட் விம் கோப்பை 7-ஜிப்பில் திறந்தால், எண்ணிட்ட ஃபோல்டர் ஒன்றுக்குள் விண்டோஸ், சிஸ்டம்32, ரெக்கவரி என்று போகும். அங்கே இருக்கும் வின்ஆர்இ டாட் விம்மை உங்கள் சி டிரைவில் அதே ஃபோல்டரில் போட்டுவிட்டு, படி 4-ஐச் செய்யுங்கள். நான் மீண்டது இப்படித்தான்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

'/எனேபிள் கொடுத்ததும் சிஸ்டம்32-இல் இருந்த கோப்பைக் காணவில்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது சரிதான். கோப்பு புதிய பார்ட்டிஷனுக்குப் போய்விட்டது என்று பொருள்.

ஜிபிடி பத்தியில் நட்சத்திரம் இல்லையென்றால் உங்கள் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய வகை. அதில் நீண்ட குறியீடும் ஆட்ரிப்யூட்டும் கிடையாது. சாதாரண ப்ரைமரி பார்ட்டிஷனாக உருவாக்கி ஃபார்மட் செய்தபின் 'செட் ஐடி=27' என்று கொடுத்தால் போதும்.

விண்டோஸ் 10-க்கு 2024 ஜனவரியில் வந்த கேபி 5034441 அப்டேட் 80070643 என்று முடியும் பிழையோடு நின்றதைப் பற்றி நிறையப் பேர் கேட்டார்கள். அதுவும் இதே கதைதான்: ரெக்கவரி பகுதியில் 250 எம்பி காலி இடம் இல்லாததால் அது ஏறவில்லை. படி 2-ஐ முடித்தபின் சி டிரைவை 250 எம்பி சுருக்கி, பழைய ரெக்கவரியை அழித்து, இரண்டு இடத்தையும் சேர்த்துப் புதியதை உருவாக்குங்கள்.

/இன்ஃபோ சி டிரைவின் பார்ட்டிஷன் எண்ணையே காட்டுகிறது என்றால், புதிய பகுதியை விண்டோஸ் ஏற்கவில்லை. குறியீடு தவறியிருக்கும், அல்லது இடம் போதவில்லை. /டிஸேபிள் கொடுத்து, 'டிர் /ஏ' பார்த்துவிட்டுத் திருத்துங்கள்.