புரோகிரஸிவ் கண்ணாடிக்கு அளவு கொடுக்கும் முன்

புரோகிரஸிவ் லென்ஸின் மேல்பகுதி தூரப் பார்வைக்கும் கீழ்ப்பகுதி வாசிப்புக்கும் உரியவை. இடையிலுள்ள ஒடுங்கிய பாதையில் பவர் கோடு தெரியாமல் படிப்படியாகக் கூடுகிறது. அப்படிக் கூடும்போது பாதையின் இருபுறமும் வேண்டாத சிலிண்டர் பவர் (ஒரு திசையில் மட்டும் செயல்படும் பவர்) சேர்ந்து பார்வை மங்குவதை எந்த விலை லென்ஸிலும் முழுமையாக நீக்க முடியாது. நெடுக்கில் பவர் ஏறும் வேகத்தைப் போல இரு மடங்கு வேகத்தில் அந்த மங்கல் பக்கவாட்டில் ஏறும் என்று 1963இல் மின்க்விட்ஸ் என்ற ஆய்வாளர் கணிதத்தால் நிறுவினார். பாதை நீண்டால் பவர் மெதுவாக ஏறும், மங்கலும் குறையும். ஆகவே பாதை நீளத் தேவையான உயரம் இல்லாத குட்டை ஃபிரேமைத் தவிர்ப்பதே நல்லது.

ஃபிரேமை முகத்துக்குச் சரியாகப் பொருத்திய பிறகே அளவெடுக்கச் சொல்லுங்கள். நேராகப் பார்த்தபடி இருக்கையில், இரு கண்மணிகளின் நடுவும் டம்மி லென்ஸில் (ஃபிரேமோடு வரும் பவரில்லாத மாதிரி லென்ஸ்) தனித்தனியே குறிக்கப்பட வேண்டும். இரு கண்மணிகளுக்கும் இடையிலான மொத்த தூரத்தைப் பாதியாக்கிக் கொள்வதை ஏற்க வேண்டாம். மூக்கிலிருந்து இரு கண்களின் தூரமும் பலருக்குச் சமமாக இருப்பதில்லை.

தொழிலையும் மறவாமல் சொல்லுங்கள். மதுரைப் பெரியார் பேருந்து நிலையத்தில் பேருந்துப் பலகையைப் படித்துவிட்டுக் கைபேசியைப் பார்ப்பவருக்கு இந்த லென்ஸ் மிகவும் பொருந்தும். தெற்கு ஆவணி மூல வீதியில் நாள் முழுதும் குனிந்து கல் பதிக்கும் நகைத் தொழிலாளிக்கோ, பட்டறைக்கென்று தனியாக கிட்டத்தில் பார்ப்பதற்கான ஒரு கண்ணாடியே மேல் என்பேன்.

கண்ணாடி வந்ததும், மை அடையாளங்களைத் துடைப்பதற்கு முன்பே அணிந்து, சிலுவைக் குறி கண்மணியின் நடுவில் நிற்கிறதா என்று கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.