தையல் பயிற்சியைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் அறுவைப் பிரிவில் பயிலும் இளம் மருத்துவர்கள், இறைச்சிக் கடையில் வாங்கிய பன்றிக் காலில் தையல் போட்டுப் பழகும்போது, கைப்பேசியை ஒரு தாங்கியில் பொருத்தி, முகம் விழாமல் கைகளும் ஊசிமுனையும் மட்டும் தெரியுமாறு பதிவு செய்துகொள்ளலாம். ஊசி தோலுக்குள் 90 பாகையில் இறங்குகிறதா, மணிக்கட்டு சரியாகச் சுழல்கிறதா, முடிச்சு இறுகி அமர்கிறதா என்பவை, காட்சியை மெதுவாக ஓடவிட்டால் தெளிவாகத் தெரியும். அதை அன்றே மூத்த மருத்துவர் ஒருவருடன் அமர்ந்து பார்ப்பதே மேல். தனியே பார்த்தால் நம் கை நமக்கு அழகாகத்தான் தோன்றும். அறுவைத் திறனை மதிப்பிட டொராண்டோவில் உருவான ஓசாட்ஸ் (OSATS) அளவுகோலின் 7 கூறுகளுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடலாம். உண்மையான அறுவையைப் பதிவதாயின், நோயாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் மருத்துவமனையின் அனுமதியும் பெற வேண்டும். அந்தப் பதிவை வாட்ஸ்அப் குழுக்களில் பகிரவே கூடாது.