கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? புதிய பேட்டரி வாங்கும் முன் சார்ஜிங் அமைப்பைச் சோதிக்கும் முறை

சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்ற ஓசையோடு கார் அடங்கிவிட்டால், பெரும்பாலானோர் உடனே புதிய பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். சில நாள்கள் கார் ஒழுங்காக ஓடும். பிறகு அதே கோளாறு திரும்பி வரும். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் பழுதாகி பேட்டரியை நிரப்பாமல் இருந்தாலோ, நிரம்பிய மின்சாரம் கார் நிற்கும் நேரத்தில் எங்கேனும் கசிந்துகொண்டிருந்தாலோ, எத்தனை பேட்டரி மாற்றினாலும் பயன் இராது. பேட்டரி மின்சாரத்தைத் தக்கவைக்கிறதா, எஞ்சின் ஓடும்போது அது நிரப்பப்படுகிறதா, கார் நிற்கும்போது கசிவு உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் வரிசையாக விடை கண்ட பிறகே பணம் செலவிட வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டரும் பத்தாம் நம்பர் ஸ்பானரும் இதற்குப் பெரும்பாலும் போதும். இங்கே சொல்லப்படும் அளவுகள் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி கொண்ட சாதாரண பெட்ரோல், டீசல் கார்களுக்கானவை. ஆல்டர்னேட்டருக்குப் பதிலாக ஐ.எஸ்.ஜி. (ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒன்றான கருவி) பொருத்தப்பட்ட ஸ்மார்ட் ஹைபிரிட் கார்களில் அளவுகள் மாறுபடும் என்பதால், அவற்றைப் பயிற்சி பெற்றவரிடம் விடுவதே நல்லது.

முதலில் ஓசையைக் கவனியுங்கள். ‘டக்டக்டக்’ என்று விரைவாகத் தொடர்ந்து ஒலித்தால், ரிலே என்ற மின்காந்த சுவிட்சை இழுக்கும் அளவுக்கு மின்சாரம் இருக்கிறது, ஆனால் எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைச் சுழற்றும் வலு இல்லை என்று பொருள். எஞ்சின் வழக்கமான வேகத்தில் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் எரிபொருளிலோ இக்னிஷனிலோ இருக்கும். சார்ஜிங் அமைப்பைக் குடைய வேண்டியதில்லை. ஐயம் இருப்பின், ஹெட்லைட்டை எரியவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் சட்டென்று மங்கி ஏறத்தாழ அணைந்துபோனால் பேட்டரியிலோ அதன் இணைப்புகளிலோ குறை உள்ளது. சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட்டைத் தானாகவே அணைக்காத காரில், வெளிச்சம் சிறிதும் குறையாமல் செல்ஃப் மட்டும் அசையாமல் இருந்தால், செல்ஃப் மோட்டார், அதன் ரிலே, கிளட்ச் சுவிட்ச் ஆகியவற்றின் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும்.

அடுத்து பானட்டைத் திறந்து, இரண்டு பேட்டரி டெர்மினல்களையும் கையால் திருகிப் பாருங்கள். கை விசைக்கே அசைந்தால், அந்தத் தளர்வு ஒன்றே கார் கிளம்பாமல் போவதற்குப் போதுமான காரணம். வெளியே பளபளப்பாகத் தெரியும் கிளாம்ப்பின் உட்புறம் கருமையேறி இருப்பதும் உண்டு. ஆகவே கழற்றிப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது. கழற்றும்போது நெகட்டிவ்வை முதலில் எடுத்து, மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். இந்த வரிசை மாறினால் ஸ்பானர் பாடியில் உரசி ஷார்ட் ஆகும். வெண்மையாகவோ நீலப்பச்சையாகவோ பொடி படிந்திருந்தால், வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, ஈரம் முழுவதும் உலர்ந்தபின் உப்புத்தாளால் ஈயம் மின்னும் வரை தேய்த்து, இறுக மாட்டி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவ வேண்டும். சோடா நீர் பேட்டரியின் மூடித் துளைகள் வழியே உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் கேபிள் பாடியோடும், பாடியிலிருந்து வரும் எர்த் பட்டை எஞ்சினோடும் சேரும் போல்ட்டுகளையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த எர்த் இணைப்பைத்தான்.

இணைப்புகள் சரியானால் பேட்டரியை அளக்கலாம். இரவு முழுவதும் நின்ற காரில் காலையில் அளப்பது சிறந்தது. இப்போதுதான் ஓடி நின்றது என்றால், ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளந்தால் மேலோட்டமாகத் தங்கியிருக்கும் மிகை வோல்டேஜ் நீங்கிவிடும். மீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழ பாதி, 12.0-க்குக் கீழே இறங்கினால் அதை நம்பிச் செல்ஃப் எடுக்க இயலாது. ஒரு பேட்டரியில் 2.1 வோல்ட் வீதம் ஆறு செல்கள் இருப்பதால், சார்ஜ் செய்து ஓய்வு கொடுத்த பிறகும் 10.5 வோல்ட் அளவிலேயே நின்றால், ஒரு செல் செத்துவிட்டது என்று கொள்ளலாம். அத்தகைய பேட்டரியை மாற்றியே ஆக வேண்டும்.

வோல்டேஜ் குறைவாக இருப்பது மட்டுமே பேட்டரி கெட்டதற்குச் சான்று ஆகாது. அது வெறுமையாகவும் இருக்கலாம். வெளிச் சார்ஜர் கொண்டு, பேட்டரியின் ஆம்பியர்-மணி அளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில், அதாவது 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 3.5 ஆம்பியர் அளவில், நிதானமாக நிரப்பி மறுபடி சோதியுங்கள். நிரப்பிய பேட்டரியில் ஒருவர் செல்ஃப் எடுக்க, மற்றொருவர் மீட்டரைப் பார்க்க, வோல்டேஜ் 10-க்கு மேல் நின்றால் பேட்டரி நலமாக உள்ளது, 9.6-க்குக் கீழே சரிந்தால் அதன் வலு போய்விட்டது. நம் ஊர் வெயிலில் மூன்று நான்கு ஆண்டுகளில் பேட்டரி தளர்ந்துபோவது இயல்பே. பழைய பேட்டரி என்றால் கடையில் சி.சி.ஏ. அளவை, அதாவது குளிரிலும் எஞ்சினைச் சுழற்ற பேட்டரி தரக்கூடிய மின்னோட்டத்தை, காட்டும் கருவியால் சோதித்துத் தரும்படி கேளுங்கள்.

இனி முக்கியமான கட்டம். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பேட்டரி டெர்மினல்களிலேயே அளவெடுங்கள். ஆல்டர்னேட்டர் நலமாக இருந்தால் மீட்டர் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டும். ஹெட்லைட், ஏ.சி., பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்தி 1,500 முதல் 2,000 ஆர்.பி.எம். வரை வைத்தாலும் 13 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். எஞ்சின் ஓடும்போதும் 12.4, 12.3 என்று படிப்படியாக இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை. கார் பேட்டரியைத் தின்றுகொண்டே ஓடுகிறது. எரிபொருள் சிக்கனத்துக்காக ஆல்டர்னேட்டரைக் கணினி கட்டுப்படுத்தும் அண்மைக்கால கார்களில் வோல்டேஜ் சில வேளை 13-க்குக் கீழே வந்து மீண்டும் ஏறும் என்பதால், ஒரே அளவை நம்பாமல் சில நிமிடம் தொடர்ந்து கவனிக்க வேண்டும். மாறாக 15 வோல்ட்டைத் தாண்டிச் சென்று அங்கேயே நின்றால், ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. பேட்டரி கொதித்து, டிஸ்டில்டு வாட்டர் வற்றி, அழுகிய முட்டை நாற்றம் எழும். அந்நிலையில் காரை ஓட்டவே கூடாது.

ஆல்டர்னேட்டரைச் சோதிக்க, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உள்ளது. தயவுசெய்து யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள். மின்சாரத்தை ஏற்றுக்கொண்டிருந்த பேட்டரி திடீரென்று விலகும்போது வோல்டேஜ் பல மடங்கு எகிறும். பழைய கார்களில் ஒருவேளை ஒன்றும் ஆகாமல் போகலாம், ஆனால் இன்றைய கார்களில் அது எஞ்சின் கணினியையே எரித்துவிடக்கூடும்.

சார்ஜ் ஏறவில்லை என்று உறுதியான பிறகும் ஆல்டர்னேட்டரை உடனே கழற்ற வேண்டாம். எஞ்சினை நிறுத்திவிட்டு முதலில் பெல்ட்டைப் பாருங்கள்: வெடிப்பு, எண்ணெய்ப் படிவு, தளர்வு ஆகியவற்றால் அது வழுக்கும், காலையில் எழும் ‘கிரீச்’ ஓசை அதன் அறிகுறி. பிறகு, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பும்போது டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். பல பழைய கார்களில் ஆல்டர்னேட்டருக்குத் தொடக்க மின்சாரம் இந்த விளக்கின் வழியாகவே போகிறது. ஆகவே பல்பு எரிந்துபோயிருந்தால் எச்சரிக்கையும் வராது, சார்ஜும் ஏறாமல் போகலாம். அடுத்தது பெரிய ஃபியூஸ். ஆல்டர்னேட்டரின் தடித்த வயருக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் அது, பேட்டரி கேபிளைத் தலைகீழாக மாட்டினாலோ, ஜம்ப் ஸ்டார்ட்டில் பிழை நேர்ந்தாலோ போய்விடும். எஞ்சின் ஓடி, ஹெட்லைட் எரியும் நிலையில், கையும் உடையும் மீட்டர் வயரும் பெல்ட்டில் படாமல் கவனித்து, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பி டெர்மினலிலும் (தடித்த வயர் சேரும் முனை) மறுமுனையை பேட்டரியின் பாசிட்டிவ்விலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையிலுள்ள வயரிலோ இணைப்பிலோ தடை உள்ளது. ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் இடையே 0.2-ஐத் தாண்டக் கூடாது.

இவை அனைத்தும் சரியாக இருந்தால் கோளாறு ஆல்டர்னேட்டருக்குள்தான். அதிலும் பல வேளை தேய்ந்துபோவது கார்பன் மட்டுமே. சுழலும் வளையங்களின் மேல் ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்டு நிற்கும் அந்த இரண்டு சிறு கரித்துண்டுகள் குட்டையானதும், ஸ்பிரிங் எட்டாமல் தொடர்பு விட்டுவிட்டு ஏற்படும். மேடுபள்ளத்தில் பேட்டரி விளக்கு மினுக்கி மறைவது இதனால்தான். கார்பனையும் ரெகுலேட்டரையும் தனியாக மாற்ற முடிகிற ஆல்டர்னேட்டர்கள் ஏராளம். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் முழு ஆல்டர்னேட்டரின் விலையில் சிறு பங்கிலேயே இதை முடித்துவிடுவார்.

பேட்டரியும் சார்ஜும் சரி, ஆனாலும் இரண்டு நாள் நின்றால் கார் கிளம்பவில்லை என்றால் கசிவைத் தேட வேண்டும். மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, கழற்றிய நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் இடையே இணையுங்கள். கதவுப் பூட்டைக் கையால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, சாவியைத் தொலைவில் வைத்து, அரை மணி நேரமேனும் காத்திருங்கள். கணினிகள் உறங்கிய பிறகே அளவு மெய்யானது. மீட்டர் இணைந்திருக்கும்போது செல்ஃப் எடுக்கவே கூடாது. 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. 500 மில்லி ஆம்பியர் காட்டினால் நாளொன்றுக்கு 12 ஆம்பியர்-மணி போகிறது. 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டே நாளில் ஓய்ந்துவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்து, எதை எடுத்ததும் அளவு சரிகிறதோ அந்த வழியைத் தொடருங்கள். பின்னாளில் மாட்டிய ஸ்டீரியோ, டேஷ்கேம், ஜி.பி.எஸ். கருவி ஆகியவற்றை முதலில் ஐயுறலாம். எந்த ஃபியூஸுக்கும் அசையாத கசிவு ஆல்டர்னேட்டரில் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு பழுதாகி, அதன் வழியாகவும் இருக்கலாம். எஞ்சின் நன்கு ஆறிய பின்னும் ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுப்பாக இருப்பது அதற்கு அடையாளம்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் கண்டதுபோல் கார் வெள்ளத்தில் நின்றிருந்தால், இந்தச் சோதனை எதற்கும் முன் எஞ்சினுக்குள் நீர் போகவில்லை என்பதை மெக்கானிக் உறுதிசெய்ய வேண்டும். அதுவரை சாவியைத் தொடக் கூடாது. பல கார்களில் ஆல்டர்னேட்டர் தாழ்வாக அமைந்திருப்பதால், சேறு புகுந்து பேரிங்கும் கார்பனும் சில வாரங்கள் கழித்துப் பழுதாவதுண்டு.

அவசரத்துக்கு ஜம்ப் ஸ்டார்ட் செய்வதானால், சிவப்பு கேபிளை முதலில் ஓய்ந்த பேட்டரியின் பாசிட்டிவ்விலும் பிறகு உதவும் காரின் பாசிட்டிவ்விலும், கறுப்பு கேபிளை உதவும் காரின் நெகட்டிவ்விலும், கடைசியாக ஓய்ந்த காரின் பேட்டரிக்கு எட்டத்திலுள்ள எஞ்சின் உலோகத்திலும் மாட்டுங்கள். பேட்டரியருகே தீப்பொறி பறக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. ஸ்டார்ட் ஆனதும் மறுவரிசையில் கழற்றி, ஏ.சி. போடாமல் பணிமனைக்குப் போங்கள். அங்கே, காலையில் எடுத்த வோல்டேஜ், செல்ஃப் எடுக்கும்போது இருந்த வோல்டேஜ், எஞ்சின் ஓடும்போது இருந்த வோல்டேஜ், கசிவின் அளவு ஆகிய நான்கையும் தாளில் எழுதிக் கொடுத்து, வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, உங்கள் மீட்டரால் அதே நான்கு அளவுகளையும் மறுபடி எடுத்துப் பாருங்கள்.