மே மாசம் டீம மலைக்கு கூட்டிட்டு போறது எப்படி

எங்களோடது சென்னைல ஒரு சண்டே கிரிக்கெட் டீம், ஆபீஸ் போறவங்க, கடை வச்சிருக்கறவங்க, ரெண்டு வாத்தியார், ஒரு டாக்டர்னு கலந்து கட்டி இருப்போம். வருஷம் பூரா வெயில்ல வறுபட்டுட்டு கத்திரி ஆரம்பிச்சதும் கோத்தகிரி குன்னூர் பக்கம் ஏறி ரெண்டு மேட்ச் ஆடிட்டு வருவோம். ஆறு வருஷமா இத இழுத்துட்டு போற பாவி நான்தான். டூர் நடக்குமா சொதப்புமான்னு ரெண்டு மாசம் முன்னாடியே வாட்ஸப் குரூப்ப பாத்தா எனக்கு தெரிஞ்சிடும், அதனால அங்கேர்ந்தே ஆரம்பிக்கறேன்.

மொத வேலை தேதி. வெறும் சனி ஞாயிறு பாத்து ஃபிக்ஸ் பண்ணாதீங்க, வீட்ல தொங்குற தினசரி காலண்டர எடுத்து முகூர்த்த நாள் எதெதுன்னு பாருங்க. வைகாசி வளர்பிறை முகூர்த்தத்துல தேதி வச்சீங்கன்னா உங்க ஓப்பனரோட மச்சினிச்சிக்கு அன்னிக்குத்தான் கல்யாணமா இருக்கும், கீப்பருக்கு கிரகப்பிரவேசம் இருக்கும், கடைசில ஒம்போது பேர் மிஞ்சுவீங்க. ஊட்டி மலர் கண்காட்சி நடக்கற நாளும் வேணாம், ரூம் கிடைக்காது, ரோட்ல வண்டி நகராது.

அடுத்து ஆள் கணக்கு. "டூர் போலாமா"ன்னு கேட்டா 23 பேர் கட்டை விரல தூக்குவான். அதெல்லாம் கணக்கே இல்ல. ஆளுக்கு 2,000 அட்வான்ஸ், இந்த தேதிக்குள்ள ஜிபே பண்ணவன்தான் டீம்ல இருக்கான், வரலன்னா திருப்பி தர மாட்டோம்னு மொத நாளே சொல்லிடுங்க, கேப்டனா இருந்தாலும் இதேதான். காசு விஷயத்துல "மச்சி நாளைக்கு போட்றேன்டா"ன்னு சொல்றவன் நாளைக்கும் அதேதான் சொல்வான். எங்க அனுபவத்துல 14 பேர் சரியான நம்பர். 11 ஆடும், ஒருத்தனுக்கு வயிறு சரியில்லாம போகும், ஒருத்தன் தொடைய பிடிச்சுட்டு உக்காருவான், ஒருத்தன் ஸ்கோர் போடுவான். 16, 17ன்னு போனா ரெண்டு நாளும் ஆடாம டீ குடிச்சுட்டே இருக்கறவன் மூஞ்சிய நீங்கதான் பாக்கணும்.

ரயில் டிக்கெட் இப்ப 60 நாள் முன்னாடிதான் ஓப்பன் ஆகுது, காலைல எட்டு மணிக்கு. மேட்டுப்பாளையம் போற நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்ட்ரல்ல ராத்திரி ஏறினா விடிஞ்சதும் மலையடிவாரம், நமக்குன்னே விட்ட மாதிரி. ஒரு டிக்கெட்ல ஆறு பேர்தான் போட முடியும்ங்கறதால மூணு பேர் மூணு லாகின்ல ரெடியா உக்காருங்க, யார் பேர் யார் லிஸ்ட்லன்னு மொத நாள் ராத்திரியே பிரிச்சுக்கோங்க. ஒருத்தனே பண்ணிடறேன்னு ஒரு வருஷம் நான் உக்காந்து எட்டு பேருக்கு வெயிட்டிங் லிஸ்ட் வாங்கி குடுத்தேன், இன்னிவரைக்கும் சொல்லி காட்டுறானுங்க.

மலை மேல வண்டிக்கு ஒரு டிப்ஸ். 2024 மே 7லேர்ந்து ஹைகோர்ட் உத்தரவுல நீலகிரிக்கு வர்ற வெளியூர் வண்டிக்கு ஆன்லைன்ல வாங்கற இ-பாஸ் வந்துச்சு, 2025 சீசன்ல ஒரு நாளைக்கு 6,000 வண்டி, வாரக் கடைசின்னா 8,000ன்னு கணக்கும் வச்சாங்க. டிஎன் 43 நம்பர் லோக்கல் வண்டிக்கு இந்த பாஸ் தேவையில்லன்னு விதிவிலக்கு குடுத்திருந்தாங்க, அதனால நாங்க சென்னைலேர்ந்து வேன் எடுக்காம அந்த ஊர் வேன மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்கு வர சொல்லிடறோம். கிளம்பறதுக்கு முன்னாடி அந்த வருஷ ரூல் என்னன்னு டிரைவர்கிட்டயே கேட்டுக்கோங்க. 14 பேருக்கு 14 சீட் வேன் சொல்லாதீங்க, கிட் பேக் எங்க போகும்? 20 சீட் சொல்லுங்க, மேல கேரியர் இருக்கா, தார்ப்பாய் இருக்கான்னு கேளுங்க. கொண்டை ஊசி வளைவுல எவன் வாந்தி எடுப்பான்னு டீமுக்கே தெரியும், அவன ஜன்னல் ஓரமா முன்னாடி போடுங்க, காலைல பூரி சாப்பிட விடாதீங்க. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் மலைல தடை, செக்போஸ்ட்ல பிடுங்கிடுவாங்க, ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில்.

எதிர் டீம்தான் முக்கியம், இதுல சோம்பேறித்தனம் பண்ணா மொத்தமும் போச்சு. ஃபோன்லயே வெக்கப்படாம கேட்டுடுங்க, "அண்ணா நாங்க சும்மா வாரக் கடைசி டீம், முப்பத்தஞ்சு நாப்பது வயசு ஆளுங்க, நீங்க எப்படி"ன்னு. ஒரு வருஷம் இத கேக்காம போனேன், அவங்க டிவிஷன் லீக் ஆடற பசங்கள இறக்கிட்டாங்க, நாங்க 61 ரன்ல ஆல் அவுட், பதினோரு மணிக்கு மேட்ச் முடிஞ்சு போச்சு, லஞ்ச் கூட ரெடியாகல. இப்பல்லாம் 30 ஓவர், ஒருத்தர் ஆறு ஓவருக்கு மேல போட கூடாது, 40 ரன் அடிச்சவன் ரிட்டயர் ஆகி அடுத்தவனுக்கு பேட்ட குடுத்துடணும்னு முன்னாடியே பேசிடறோம். பந்து யாரோடது, அம்பயர் யாரு, சாப்பாடு யார் செலவு, இந்த மூணும் ஃபோன்ல முடியணும்.

மேட்ச் எட்டு மணிக்கே ஆரம்பிச்சிடுங்க, பத்து மணிக்குன்னா ஒத்துக்காதீங்க. மே மாசம் மலைல காலைல பளிச்சுன்னு இருக்கும், மத்தியானம் மூணு மணி வாக்குல எங்கேர்ந்தோ மேகம் திரண்டு வந்து கொட்டிட்டு போகும், செகண்ட் பேட்டிங் டீமுக்கு வயித்தெரிச்சல்.

நாங்க ஆடற கிரவுண்டெல்லாம் பெரும்பாலும் மேட்டிங் விக்கெட்தான், அதாவது பிட்ச் மேல மேட் விரிச்சு ஆடறது. மேட்ட நல்லா இழுத்து ஓரம் பூரா ஆணி அடிச்சிருக்கான்னு ரெண்டு கேப்டனும் நடந்து பாத்துடணும், சுருக்கம் இருந்தா அதுல கால் மாட்டும். அடில இரும்பு ஸ்பைக்ஸ் வச்ச ஷூ மேட்ட கிழிச்சிடும், ரப்பர் ஸ்டட் ஷூ எடுத்துட்டு வர சொல்லுங்க. பந்து இங்க எழும்பி வரும், நம்மூர்ல முட்டிக்கு வர்ற பந்து அங்க நெஞ்சுக்கு வரும், முன்னங்கால நீட்டி ஃப்ரண்ட் ஃபுட்லயே ஆடி பழகினவன் மொத ரெண்டு ஓவர் திணறுவான். குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல, காத்து மெலிசு, அதனால அடிச்ச பந்து கூடுதலா பறக்கும், பந்து காத்துல வளையற ஸ்விங் கம்மியா இருக்கும், மூச்சும் சீக்கிரம் வாங்கும். பவுண்டரி ஃபீல்டர் பந்து முன்னாடி விழும்னு ஓடி வருவான், அது அவன் தலைக்கு மேல போகும். மேட்சுக்கு மொத நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஹை கேட்ச் ப்ராக்டிஸ் குடுத்துடுங்க, நாலு கேட்சாவது மிச்சமாகும்.

பந்து ஆறு எடுத்துட்டு போங்க. கிரவுண்ட ஒட்டி டீ எஸ்டேட் இருந்தா சிக்ஸர் போன பந்து போனதுதான், அந்த செடிக்குள்ள பூந்து தேடறதுக்குள்ள ஒரு இன்னிங்ஸ் முடிஞ்சிடும். அடிச்சவனே தேடணும்னு ரூல் வச்சா தூக்கி அடிக்கறது கொஞ்சம் குறையும். ஆனா காட்டெருமை நிக்குதுன்னா எவனும் இறங்க கூடாது, கோத்தகிரி குன்னூர் பக்கம் அதுங்க சாதாரணமா தேயிலைக்குள்ள மேயும், பாக்க சாதுவா இருக்கும், நம்பாதீங்க. ஒருதடவை அது நகர்ற வரைக்கும் நாப்பது நிமிஷம் ஆட்டத்த நிறுத்தினோம், அம்பயர் பாட்டுக்கு வர்க்கி சாப்பிட்டுட்டு இருந்தார்.

ரெண்டு மேட்சுக்கு நடுவுல ஒரு நாள் சும்மா விடுங்க. எல்லா நாளும் கிரிக்கெட்னு துடிக்கற ஒருத்தன் ஒவ்வொரு டீம்லயும் இருப்பான், அவன் பேச்ச கேட்டா ரெண்டாவது நாள் பாதி பேர் படில இறங்க முடியாம பக்கவாட்டுல இறங்குவான். நாங்க அன்னிக்கு கேத்தரின் அருவி வரைக்கும் போய்ட்டு வந்து ரூம்ல சீட்டு.

இறங்கற அன்னிக்கு மத்தியானமே கிளம்பிடுங்க, கோத்தகிரிலேர்ந்து மேட்டுப்பாளையம் 30 சொச்சம் கிலோமீட்டர்தானேன்னு அசால்ட்டா இருந்து ஒருதடவை ரயில் கிளம்ப பத்து நிமிஷம் இருக்கும்போது கிட் பேக்க தலைல வச்சுட்டு ஓடினோம். நனைஞ்ச பேடு, கிளவுஸ் எல்லாம் பையோட மூடி வைக்காதீங்க, சைடு பெர்த் கம்பில தொங்க விடுங்க, பக்கத்துல இருக்கறவங்க முறைப்பாங்க, பரவால்ல. ரயில் ஏறினதும் பாக்கி கணக்க முடிச்சு கையோட ஜிபே வாங்கிடுங்க, ஈரோடு தாண்டினா எல்லாரும் தூங்கிடுவானுங்க, சென்ட்ரல்ல இறங்கிட்டா அப்புறம் ஒருத்தனும் ஃபோன் எடுக்க மாட்டான்.