தராசு இறங்குகிறது, கொழுப்பு இறங்குகிறதா? எடைக் குறைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடை குறைக்க நினைப்பவர்கள் ‘எப்படிக் குறைப்பது’ என்றுதான் கேட்கிறார்கள். எதைக் குறைப்பது என்று பார்ப்பதில்லை. உடம்பில் கூடுதலாக இருப்பது உப்போடு தங்கிய தண்ணீராக இருக்கலாம். தோலுக்கடியில் கையால் பிடித்தால் வரும் கொழுப்பாக இருக்கலாம். வயிற்றுக்குள் குடலையும் ஈரலையும் சூழ்ந்த கொழுப்பாக இருக்கலாம். பருத்து மெலிந்ததால் தொங்கும் வெறும் தோலாகவும் இருக்கலாம். வியர்வை தண்ணீரை மட்டும் எடுக்கும். லைபோசக்ஷன் (குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சும் அறுவை) தோலடிக் கொழுப்பை மட்டும் எடுக்கும். உள்கொழுப்பு சாப்பாட்டுக்கும் நடைக்கும், தேவைப்பட்டால் மருந்துக்கோ இரைப்பை அறுவைக்கோதான் கரையும். தொங்கும் தோலுக்குக் கத்தி ஒன்றுதான் வழி. ஒன்றுக்கான வழியை இன்னொன்றின் மேல் போட்டுவிட்டு ‘பலனே இல்லை’ என்று கைவிடுவது இங்கே அன்றாடம் நடக்கிறது.

அளப்பதிலேயே கோளாறு தொடங்குகிறது. சாப்பிட்ட பிறகு, செருப்போடு, பேருந்து நிலையத்து மெஷினில் ஏறினால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. வாரம் ஒரு நாள், காலையில் சிறுநீர் கழித்த பின், வெறும் வயிற்றில், ஒரே தராசில் பாருங்கள். இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இருமுறை வகுத்தால் வரும் எண்) 23-ஐத் தொட்டால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன். வயிற்றுச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. கைலியோ பாவாடையோ கட்டும் இடத்தில் டேப் வைத்தால் தொப்பைக்குக் கீழே அளப்பீர்கள், சுற்றளவைக் குறைத்துக் காட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பின் அளக்க வேண்டும்.

கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் தராசு ஒரு கிலோ கூடக் காட்டினால் பதற வேண்டாம், அது உப்பு பிடித்து வைத்த தண்ணீர். இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது. சித்திரை வெயிலில், மூன்று மணிக்கு, பிளாஸ்டிக் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஓடினால் இறங்கும் கிலோ இரண்டு செம்பு தண்ணீரில் திரும்பி வந்துவிடும். இடையில் மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். விடியலில் நடங்கள். கடற்கரையில் நடந்தால் அலை நனைத்த கெட்டி மணல் நல்லது. ஆனால் கரை சரிவாக இருக்கும். ஒரே பக்கமாக நடந்தால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழுந்து மூட்டு நோகும். போன தடத்திலேயே திரும்புங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் நடையோடு, இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும்.

சோறும் எண்ணெயும்

கடல் தொழிலுக்குப் போகிறவருக்கு வலை இழுக்கும் நாளில் மலையாகச் சோறு வேண்டும், அதில் தவறில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கும்போதும் தட்டு அதே அளவில் நிற்பதுதான் சிக்கல். நாளுக்கு 250 கலோரி மிஞ்சினால் 61 நாளில் 15,250. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்று வைத்தால் சுமார் இரண்டு கிலோ. தொழில் தொடங்கியதும் முழுசாக இறங்குவதில்லை. மிச்சம் அடுத்த ஆண்டின் மிச்சத்தோடு சேரும்.

‘சோற்றை நிறுத்திவிட்டேன், மீன் மட்டும்தான்’ என்பவர்கள் வாணலியைப் பார்ப்பதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. பொரித்த சீலாத் துண்டு குடித்த எண்ணெய், நிறுத்திய சோற்றை ஈடுகட்டிவிடும். நான்கு பேர் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்று எழுதிப் பாருங்கள். தலைக்கு அரை லிட்டர் என்பது நல்ல இலக்கு. சூடை, மத்தி, காரல் போன்ற மலிவு மீன்களைத் தேங்காய் குறைத்த குழம்பாக வையுங்கள். 100 கிராம் சதையில் 18 முதல் 20 கிராம் புரதம் கிடைக்கும். 60 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 60 கிராமாவது தேவை. கஞ்சியும் ஊறுகாயுமாகப் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். தசை போனால் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிய உடனே எடை ஏறும். வாரம் அரை முதல் ஒரு கிலோ இறங்கினால் போதும். வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேகம் பிடித்தால் பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பு கூடும்.

கருப்பட்டி நாட்டு வெல்லம்தானே என்று அள்ளிப் போடுவதும் கணக்குப் பிழை. கிராமுக்கு 4 கலோரி, கிட்டத்தட்ட வெள்ளைச் சீனி மாதிரிதான். பதநீர் ஒரு டம்ளரில் 20 கிராம் சர்க்கரை இருக்கும். நுங்கை அப்படியே சாப்பிடுங்கள், சர்பத்தாக்க வேண்டாம்.

சர்க்கரை நோய்க்கு கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் அளவை மாற்றாமல் வேளைச் சாப்பாட்டை விட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். நோன்புக்கு முன்பும் மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். காரணமில்லாமல் எடை ஏறினால் தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு மருந்து மூன்றையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

பொடியும் ஊசியும்

பெயரில்லா டப்பாவில் வரும் ‘தொப்பை கரைக்கும் பொடி’யில் பேதி மருந்தோ சிறுநீர் பெருக்கியோ கலந்திருக்கலாம், இறங்குவது மறுபடியும் தண்ணீரே. இதயத்துக்கு ஆபத்து என்று 2011-இல் இந்தியா தடை செய்த சிபுட்ரமின் என்ற பசியடக்கி மருந்து உலகெங்கும் இப்படிப்பட்ட ‘மூலிகை’ மாத்திரைகளில் பிடிபட்டிருக்கிறது. குடம்புளி குழம்பில் நல்லது. அதன் சாற்றை மாத்திரையாக விழுங்கியவர்களுக்கு ஈரல் கெட்டதாகப் பதிவுகள் உண்டு.

பசியைக் குறைக்கும் செமாகுளூடைட், டிர்செபடைட் வார ஊசிகள் உண்மையில் வேலை செய்பவை. மருத்துவர் சீட்டில்லாமல், தெரிந்தவரின் பேனா ஊசியில் பங்கு போட்டுக் குத்திக்கொள்வது தவறு. சிறு அளவில் தொடங்கி வாரக்கணக்கில்தான் ஏற்ற வேண்டும். முதல் நாளே பெரிய அளவு போட்டால் வாந்தி நிற்காது. திறக்காத ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், மதுரையிலிருந்து பேருந்தில் வரும்போது குளிர்ப்பையில் வையுங்கள், ஐஸ் கட்டியில் நேராகப் படக் கூடாது. உறைந்துபோனால் எறிந்துவிட வேண்டியதுதான். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும் என்பதையும் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

கத்தி எதற்கு, எதற்கில்லை

லைபோசக்ஷன் எடைக் குறைப்புச் சிகிச்சை அல்ல. ஒரு தடவையில் உறிஞ்சுவது வழக்கமாக 5 லிட்டருக்குள். அதிலும் ஒரு பங்கு உள்ளே செலுத்திய திரவம். 95 கிலோவில் படுத்தவர் 70-இல் எழுந்திருக்க மாட்டார். 2004-இல் வந்த ஓர் ஆய்வில் 9, 10 கிலோ தோலடிக் கொழுப்பை எடுத்தும், சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோது ரத்த அழுத்தமோ இன்சுலின் செயல்பாடோ மேம்படவில்லை. உள்கொழுப்பு அப்படியே கிடந்தது காரணமாக இருக்கலாம். எடை ஏற்கெனவே சரியாகி, ஓரிடத்தில் மட்டும் பிடிவாதமாக நிற்கும் கொழுப்புக்கே இது.

பிரசவத்துக்குப் பின் வயிற்றின் நடுத் தசை பிரிந்து தோல் தொங்குகிறதென்றால் தோலை வெட்டித் தசையைத் தைக்கும் அறுவை உண்டு. எடை ஆறு மாதமாவது நிலையாக நின்ற பிறகு, இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவான பிறகு செய்ய வேண்டும். பீடி, புகையிலையைக் குறைந்தது நான்கு வாரம் முன்பே விடாவிட்டால் தையல் ஓரம் அழுகலாம்.

இரைப்பையை ஒடுக்கும் அறுவையில் ஏறக்குறைய முக்கால் பங்கு இரைப்பை போய்விடும். அதன் பிறகு பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுள் முழுக்க வேண்டும். கருத்தரிப்பை 12 முதல் 18 மாதம் தள்ளிப்போட வேண்டும். கூல்டிரிங்கும் பதநீரும் சின்ன இரைப்பையிலும் வழுக்கி இறங்கிவிடும். எடை திரும்புகிறவர்களில் பலர் இந்த வழியில்தான் தோற்கிறார்கள். காப்பீட்டு விதிப்படி பி.எம்.ஐ. 40, அல்லது கடும் துணை நோயோடு 35 இருந்தால் இந்த அறுவைக்குப் பணம் கேட்கலாம். அழகுக்கான அறுவைக்குக் கிடையாது.

எந்த அறுவையானாலும் வார ஊசி போடுவதை மயக்க மருந்து மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இரைப்பை மெதுவாகக் காலியாவதால், மயக்கத்தில் உணவு நுரையீரலுக்குள் ஏறிவிடலாம். மதுரையில் செய்துகொண்டு மறுநாளே ராமேஸ்வரத்துக்குப் பேருந்து ஏறாதீர்கள். மருத்துவர் அனுமதித்த பின் கிளம்பினாலும் மணிக்கொரு தரம் இறங்கி நடங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் போட்டு நீவினால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம், அதைத் தொடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் 108.