கடல் குடலாகாமல் இருக்க: எடிட்டர் வசதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஓர் அச்சகத்தில் இன்னும் பாமினியில்தான் அடிக்கிறார்கள். ஒருநாள் வசனத்தின் தொடக்கத்தில் 'கடல்' என்று அடித்தால் 'குடல்' என்று விழுந்தது. அச்சகத்து அண்ணை கீபோர்டைத்தான் சந்தேகப்பட்டார். பம்பலப்பிட்டிக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். அதிலும் குடல்தான்.

பாமினி வெறும் எழுத்துரு. திரையில் தமிழ் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். சின்ன எஃப் என்றால் 'க', பெரிய எஃப் என்றால் 'கு'. அவர்கள் அடிக்கும் வேர்டிலோ வசனத்தின் முதல் எழுத்தைப் பெரியெழுத்தாக்கும் வசதி முதலிலிருந்தே போட்டிருக்கும். சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து' என்பதால் 'தமிழ்' கூட 'துமிழ்' ஆகிவிடும்.

எடிட்டர், அதாவது வேர்ட் போல எழுதப் பயன்படும் செயலி, உருவாக்குபவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான்: எழுதியதை மாற்றும் வசதியைக் கேட்காமலே போட்டுவிடுவது. வரி எண், நிறம், சிவப்பு அடிக்கோடு எல்லாம் எழுத்தைத் தொடுவதில்லை, அவை இருந்துவிட்டுப் போகட்டும். எழுத்தை மாற்றுவதற்கும் வெளியே அனுப்புவதற்கும் அனுமதி வேண்டும். குரோமில் சாதாரண எழுத்துப்பிழைச் சோதனை கணினிக்குள்ளேயே நடக்கும். அடித்ததைக் கூகுளுக்கு அனுப்பும் மேம்பட்ட சோதனை தனித் தெரிவு, நாமாகப் போட்டால்தான் வேலை செய்யும். இரண்டையும் ஒரே சுவிட்சில் கட்டியிருந்தால் பாவனையாளருக்குத் தெரிவே இல்லை.

அடுத்தது, நிறுத்தும் இடத்தை ஒளித்து வைப்பது. வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று நாலு படி இறங்க வேண்டும். நியாயமாகச் சொன்னால், மாறிய எழுத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் சின்னதாக ஓர் அடையாளம் தோன்றும், அங்கேயே நிறுத்தலாம். ஆனால் அவசரமாக அடிக்கிறவர் கண்ணில் அது எங்கே படப்போகிறது?

இந்த விஷயத்தில் ஈமாக்ஸ் என்ற பழைய எடிட்டர்தான் எனக்குப் பிடிக்கும். குறித்த பகுதியை மட்டும் காட்டி மற்றதை மறைக்கும் கட்டளை அதில் உண்டு. புதியவர் கோப்பே அழிந்ததென்று பயப்படுவார். அதனால் முதல்முறை கொடுக்கும்போதே விளக்கம் சொல்லி, இந்த ஒரு தடவைக்கா, இனி எப்போதுமா, வேண்டாமா என்று கேட்கும். 'வேண்டாம்' என்றால் கட்டளை ஓடாது, அவ்வளவுதான். இப்போதைய செயலிகளில் 'சரி', 'பிறகு' என்று இரண்டே பொத்தான். 'பிறகு' என்பது மறுப்பா என்ன?

அப்புறம் சில்லறைத் தவறுகள். 'தானாகத் திருத்துவதை முடக்கு' என்று எழுதி அதற்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் வைப்பார்கள். அது போட்டிருந்தால் திருத்துமா, திருத்தாதா? அப்டேட் வந்ததும் நிறுத்தியதெல்லாம் திரும்ப முளைப்பது இன்னொன்று. இதற்கு விளக்கமே தேவையில்லை, செய்யாதீர்கள்.

அச்சகத்தில் மூன்று கணினிகள். ஒரு கணினியில் செய்த தெரிவு மற்றதற்கு வராததால், ஒவ்வொன்றிலும் அந்த நாலு படி இறங்கித்தான் டிக்கை எடுத்துவிட்டோம்.